எக்ஸ்ரே அறையிலிருந்து கீர்த்திகனுக்கு

நாலு பேர் வாறம் எண்டு சொன்னாய்.
நாலு பேருக்கு எட்டுக் காறையெலும்பு.
எட்டும் முழுசாய் ஸ்கார்பரோவுக்குத் திரும்ப வேணும்,
என்ரை கணக்கு அவ்வளவுதான்.

ஃபெர்னி மலையை எனக்கு
உள்ளுக்கிருந்துதான் கூடத் தெரியும்.
ஜூலை பிறந்தால் திங்கட்கிழமைகளில்
திரையில வெள்ளையாய் எழும்பும்:
இது நீலப் பாதையின் மூன்றாம் வளைவு,
இது மழை விட்ட மறுநாள் வேர்,
இது, இன்னும் ஒருக்கா எண்டு ஏறின
கடைசி லிஃப்ட்.

இன்னும் ஒருக்கா எண்டு சொல்லாதை.
பின்னேரம் கை சோர்ந்திடும்,
வாய் சோராது.

வாடகைக் கடையில டெல்பீன் நிற்பாள்.
பிரேக் கட்டை புதுசோ எண்டு கேள்.
முகத்தைச் சுளிப்பாள், மாத்தித் தருவாள்.
முகம் முழுக்க மூடுற ஹெல்மெட் எடு,
போட்டோவில உன்ரை சிரிப்புத் தெரியாதுதான்.
பல்லிருந்தால் பிறகும் சிரிக்கலாம்.
டயரில காத்தைக் கொஞ்சம் இறக்கு;
தார்ரோட்டுக்கு அடிச்ச காத்து
இங்கை உன்னைப் பந்தாடும்.

மேலே சாப்பாடு கொள்ளை விலை.
புட்டுக் கட்டித் தாறன், மீன் பொரியலோட.
லிஃப்டில பெட்டியைத் திற.
பக்கத்தில இருக்கிறவன் மணத்துக்குத் திரும்புவான்.
ஒரு பிடி குடு.
எந்தப் பாதை காய்ஞ்சு கிடக்கு,
எங்கை பாலம் உடைஞ்சு போச்சு,
எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்,
அறிவிப்புப் பலகைக்குத் தெரியாது.

ஓகஸ்டில பற்றையெல்லாம் ஹக்கிள்பெரி,
ஹக்கிள்பெரிக்குப் பின்னால கரடி.
முடக்கில திரும்ப முதல் சத்தம் போடு.
நான் "விலத்து, விலத்து" எண்டு கத்துவன்.
ஒருநாள் ஒண்டு உண்மையாவே விலத்தினது,
சந்திக் கடையில நிற்கிற ஆள் மாதிரி
அவசரமில்லாமல், என்னைத் திரும்பியும் பாராமல்.

புகை இறங்கினால் எங்கையோ காடு எரியுது.
மலை தெரியாத நாளில
மலைக்குப் போகாதை. ஆத்தில காலை விட்டிட்டு இரு.
முழங்கால் வரைக்கும்தான்,
அதுக்கு மேல குளிர் கடிக்கும்.
இரவில நிலக்கரி ரயில் கத்தும்.
மூன்றாம் நாள் கேட்காது.

பிறகு, இது முக்கியம்:
மரத்தைப் பாராதை.
பார்த்தால் அதிலேயே போய் முட்டுவாய்.
சைக்கிள் கண்ணுக்குப் பின்னால இழுபடுற சாமான்.
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில
ஒண்டுமில்லாமல் கிடக்கே,
அதைப் பார்.

சொல்லுறது சுகம்.
நான் இரண்டு வருசம் ஒரே மரத்தைப்
பார்த்துக்கொண்டு ஓடினன்.
உனக்கும் அந்த மரத்தைத் தெரியும்.
இப்ப கால்கரியில இருக்கு.

போன செப்டம்பர்,
லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கின கிழமை,
பச்சைப் பாதையில,
சின்னப் பிள்ளையள் போற பாதையில,
கையை ஊண்டி விழுந்தன்.
நான் படுக்கச் சொல்லுற மேசையில
என்ரை கையை வைச்சாங்கள்.
மணிக்கட்டுப் படத்துக்கு
மூச்சுப் பிடிக்கத் தேவையில்லை.
நான் பிடிச்சன்.
திரையில ஒரு வெடிப்பு, மயிரளவு,
வளைஞ்சு வளைஞ்சு,
அடிவாரத்திலயிருந்து அண்ணாந்து பார்த்தால்
அந்தப் பாதை தெரியுமே, அப்பிடி.
அழிக்க மனமில்லாமல்
கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தன்.

சாவி பின்கதவடியில,
ஸ்னோ வழிக்கிற சவலுக்குக் கீழ.
சைக்கிளை வீட்டுக்குள்ள உருட்டிக்கொண்டு வா,
சேறு பரவாயில்லை.
வெளியில விட்டால் விடிய இராது.
கரடியில்லை, ஆக்கள்தான்.
வரேக்கை ஒடியல்மா கொண்டு வா,
இங்கை அதுக்கு வழியே இல்லை.

ஞாயிறு எனக்கு லீவு.
அண்டைக்கு விழுந்தால் டெரிக்தான் படமெடுப்பான்,
அவன்ரை கை ஐஸ்.
டெல்பீனிட்டை நாலு எண்டு சொல்லாதை,
ஐந்து எண்டு சொல்லு.
நீலப் பாதை.
மூன்றாம் வளைவில நான் முன்னுக்குப் போறன்.